சுந்தரியின் முடியும் சர்க்கார் தேதியும்

சித்தூர்
29 பிப்ரவரி 1960, திங்கள்

யதுகிரி, இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஊர் அடங்கிவிட்டது. எதிர்வீட்டு நாய்கூடக் கடமையை முடித்துக்கொண்டு படுத்தாயிற்று. இதற்கு முன்னால் உட்கார எனக்கு நேரம் கிடைக்கும் என்று நீ நினைத்திருந்தால், உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நீ அனுப்பிய நோட்டும் கடிதமும் வந்தன. நாலு மாதமாக என் கடிதங்களில் புலம்பலைத் தவிர ஒன்றும் இல்லையாம். இனிமேல் கடிதமே வேண்டாமாம். தினமும் கண்ணில் படும் ஒரு அழகை இந்த நோட்டில் எழுதி, மாதம் முடிந்ததும் தபாலில் சேர்க்க வேண்டுமாம். திருப்பதி காலேஜில் இரண்டு வருஷமும் என் காம்போசிஷனை எட்டிப் பார்த்து எழுதியவள், டீச்சர் ஆனதும் எனக்கே வீட்டுப்பாடம் கொடுக்கிறாய். சரி, எழுதுகிறேன். ஆனால் ஒன்று: உனக்கு ஜன்னலைத் திறந்தால் ஏழுமலை. எனக்கு ஜன்னலைத் திறந்தால் எங்கள் அச்சாபீஸின் பின்சுவர்.

இன்றைய அழகு: மண்ணெண்ணெய் ஸ்டவ் முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

போதுமா?

1 மார்ச், செவ்வாய்

இரண்டாம் நாளே சரக்கு தீர்ந்துவிட்டது. ஆகவே இந்த வீட்டில் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் ஒரே அழகை எழுதிவிடுகிறேன்: சுந்தரியின் முடி.

நீ அவளைப் பார்த்தபோது ஆறு மாதக் குழந்தை. இப்போது இரண்டு வயது பத்து மாதம். பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி, சுருள் சுருளாகத் தோளைத் தாண்டி விழுகிறது. வெயிலில் நின்றால் ஓரமெல்லாம் செம்பு நிறம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். உள்ளே வெந்துகொண்டிருக்கும் தலையை யாரும் பார்ப்பதில்லை.

கதை உனக்குப் பாதிதான் தெரியும். இவர் குடும்பத்தில் முதல் முடி திருத்தணி முருகனுக்கு. ஒற்றைப்படை வயதில்தான் இறக்க வேண்டும். முதல் வயதிலேயே இறக்கியிருக்கலாம். அந்தச் சமயம் பார்த்து இவர் எல்லைக் கமிட்டிக் கூட்டமொன்றில், கழுத்தில் மாலையும் கையில் மைக்குமாக நின்று, தணிகை மெட்ராஸ் ராஜ்யத்தில் சேருகிற அன்றுதான் என் மகளுக்கு முடியிறக்குவேன் என்று முருகன்மேல் ஆணையிட்டுவிட்டார். பலத்த கைதட்டல். தட்டியவர்களில் ஒருவராவது தன் ஆயுளில் ஒரு குழந்தைக்குத் தலை வாரியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வயது இரட்டைப்படை, ஆகாது. இப்போது மூன்றாவது நடக்கிறது, வைகாசியோடு முடிகிறது. நல்லவேளை, சர்க்கார் மனமிரங்கித் தேதி கொடுத்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு அந்தப் பக்கம் போகிறது. அது என்ன தினம் என்று நான் சொல்லவில்லை, உனக்கே தெரியும். நாங்களும் சித்தூரும் பாலசமுத்திரத்துப் பக்கம் இவர்களுக்கு இருக்கிற நிலமும் இந்தப் பக்கமே.

இவருடைய அக்கா பொன்னியம்மாள், என் நாத்தனார், இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். "நெலத்த இங்க வெச்சிக்கினு சாமிய அங்க அனுப்பிட்டானுங்க. மழ பெய்யலன்னா எந்த சர்க்காரப் போய்க் கேக்கறது?"

அண்ணி இளம் வயதிலேயே தாலியிழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். இவரை வளர்த்தவர். எனக்கு மாமியார் இல்லாத குறையைத் தினமும் போக்குகிறவர்.

3 மார்ச், வியாழன்

இன்று அழகு இல்லை. தேடினேன். சத்தியமாகத் தேடினேன்.

5 மார்ச், சனி

இவர் காலையில் திருத்தணி விழாவுக்குத் தமிழ்ப் போஸ்டர் அடித்தார். மாலையில் ஒரு தெலுங்கு நாடகக் கம்பெனிக்குப் போஸ்டர் அடித்தார். இரண்டுக்கும் அதே மிஷின், அதே மை. மாலைக் கூட்டத்தில் மொழிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று பேசுகிற மனிதர், தெலுங்குக்காரர்களை "ரண்டி ரண்டி" என்று வரவேற்றுப் பல் முழுதும் தெரியச் சிரிக்கிறார். பிழைப்பு.

சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது ஈரப் போஸ்டர்களைக் குறுக்குக் கயிறுகளில் காயப் போட்டிருந்தார்கள். பின்கதவைத் திறந்ததும் தமிழும் தெலுங்கும் எல்லாமாகச் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பி, மறுபடி ஒரே பக்கம் திரும்பின. இதை நீ அழகு என்பாய். நான் காற்று என்பேன்.

7 மார்ச், திங்கள்

சுந்தரிக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி. பயறளவு. தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள்.

அண்ணியிடம் காட்டினேன். வேனல் கட்டியாம். முடி இறக்கினால் போய்விடுமாம். அப்படியென்றால் இறக்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் படித்த இண்டர்மீடியட் இரண்டு வருஷமும் உதிர்ந்துவிட்டது. இவரிடம் கேட்டேன். இருபத்தைந்தே நாள் என்றார். மந்திரிசபைக்கே தெரியாத ரகசியத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

கட்டிக்கு யார் தேதி சொல்வது?

8 மார்ச், செவ்வாய்

இது அழகில் சேராது. ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னிடம் சொன்னால் நீ திருப்பதியில் இருக்கிறாய்.

கட்டியைச் சுற்றி முடி ஒட்டிக்கொண்டு களிம்பு உள்ளே இறங்கவில்லை. பூ கட்டுகிற நூலை நறுக்கும் சின்னக் கத்திரியால், காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெட்டிவிட்டேன். வேண்டுதல் முடி. சாமி சொத்து. வெட்டியதை எங்கே போடுவது என்று தெரியாமல் அடுப்பில் போட்டேன். முருகன் சொத்தைத் திருடியதோடு நிற்காமல் எரித்தும் விட்டேன்.

அண்ணி கூடத்திலிருந்து கேட்டார், "இன்னா கருகுது?"

பால் என்றேன்.

9 மார்ச், புதன்

இன்றைய அழகு: சுந்தரியின் பின்னல்.

வெட்டிய இடம் தெரியக்கூடாதல்லவா? உச்சியிலிருந்து முடியை வாரிக் கொண்டுவந்து அந்த இடத்தின்மேல் படிய வைத்து, இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி, ரிப்பன்மேல் மல்லிகைச் சரம் சுற்றினேன். எதிர்வீட்டுச் சந்திரம்மா தன் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இவர்கூட அச்சாபீஸ் வாசலில் நின்று பார்த்தார். ஒரு குற்றத்தை மறைக்கும்போது கைக்கு இவ்வளவு நேர்த்தி வரும் என்று தெரிந்திருந்தால் காலேஜிலேயே நிறையத் தப்பு செய்திருப்பேன்.

12 மார்ச், சனி

அண்ணிக்குத் திடீரென்று சுந்தரிமேல் பூப்பாசம். நான் பின்னி முடித்ததும் அவர் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதம்பமும் மருக்கொழுந்துமாக இடது பக்கம், பின்பக்கம் என்று செருகுகிறார். நான் ஒரு முழம் வைத்தால் அவர் இரண்டு முழம். குழந்தை நடந்தால் பூக்கடை நடந்து வருவது போலிருக்கிறது.

தலையைத் தொட்டால் அழுகிறாள்.

14 மார்ச், திங்கள்

காலையில் வாரும்போது அலறினாள். கட்டி பெருத்திருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? களிம்பு போட்டு மறுபடி மூடினேன். வாடை எதனால் வருகிறது என்று கேட்டால் வாடிய பூவால் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இவரிடம் மறுபடி ஆரம்பித்தேன். பதினெட்டே நாள். இவர் வாயில் குழந்தை வளரவில்லை, நாள்தான் குறைகிறது.

17 மார்ச், வியாழன்

கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறது. பத்து மணிக்கு அது வழியாக அடுக்களைத் தரையில் ஒரு வெயில் துண்டு விழும். சுந்தரி அதைக் கிள்ளி எடுத்து டம்ளரில் போடப் பார்த்தாள். வரவில்லை. குனிந்து நாக்கால் நக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "சுடுது" என்றாள்.

நீ அழகைப் பார்த்து எழுதச் சொன்னாய். இவள் தின்னவே பார்க்கிறாள். நமக்கு அந்தத் தைரியம் இல்லை.

இன்று முழுக்க இந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேலியாக எழுத ஏதாவது வருமா என்று பார்த்தேன், வரவில்லை. எழுதிக்கொள்.

20 மார்ச், ஞாயிறு

முடியிறக்கும் முன்னால் பூச்சடை வைத்துப் போட்டோ எடுப்பது வழக்கம். அண்ணி இன்றைக்கு நாள் பார்த்துவிட்டார். இவர் திருத்தணிக்குத் தோரண வேலைக்குப் போய்விட்டார். பத்து நாள் அங்கேதானாம், இடையில் ஒருமுறை வருவாராம். நாங்கள் மூவரும் ஸ்டூடியோவுக்குப் போனோம்.

வாழைநாரில் தைத்த பூச்சடை. நெற்றிச்சுட்டி. இரண்டு பெரிய விளக்கு. போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அசையாதே பாப்பா என்றார்.

அவள் அசையவில்லை. ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத பெண், கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். என்ன அடக்கம், என்ன அழகு என்று ஸ்டூடியோவில் எல்லோரும் மெச்சினார்கள். தூக்கினேன். உடம்பு கொதித்தது.

21 மார்ச், திங்கள்

ஜுரம். பால் குடித்தாள், கக்கிவிட்டாள்.

அண்ணி மிளகு சுற்றிப் போட்டார். ஸ்டூடியோவில் பட்ட கண்ணாம்.

22 மார்ச், செவ்வாய்

பெரியாஸ்பத்திரிக்கு நான் மட்டும் தூக்கிக்கொண்டு போனேன்.

லேடி டாக்டர் பின்னலைப் பிரித்தார். நானே பின்னியதுதான், ஆனால் அவர் பிரிக்கும்போது நான் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ரிப்பன் வர மறுத்தது. அப்புறம் அந்த வாடை. அது பூ இல்லை.

யார் இவ்வளவு இறுக்கிக் கட்டியது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

காற்றே படாமல் வியர்வையில் ஊறி ஊறிச் சீழ் கட்டியிருக்கிறது. தலை பூராவும் சின்னச் சின்னதாக வேறு. முழுக்க வழித்துவிட்டுப் பெரிய கட்டியைக் கீற வேண்டும். விட்டால் காதுக்குப் பின்னால் எலும்பு வரைக்கும் இறங்கும், அதற்குப் பிறகு என்னைக் கேட்காதே என்றார். இங்கேயே வழிக்கிறேன் என்றும் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா யதுகிரி? இண்டர்மீடியட் பாஸ் செய்த தாட்சாயணி, பிஸியாலஜியில் எழுபது மார்க் வாங்கிய தாட்சாயணி — வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுக்கிட்டு வாம்மா. கட்டிகிட்டயும் கொஞ்சம் இருக்கச் சொல்லிட்டுப் போ" என்றார். நாளைக் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது என்றார்.

வழியிலேயே நாவிதர் திருமலை கடையில் நின்றேன். இவருக்குப் பத்து வருஷமாக முடி வெட்டுகிறவர். குழந்தையின் தலையைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. கத்தியைத் தீட்டிக்கொண்டே, முதல் மொட்டையா என்றார். ஆமாம் என்றேன். கத்தியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

"வேண்டிக்கின முடிம்மா. மலைமேல முடி எடுக்கறவங்க பங்கு அது. என் கத்தி தொட்டா என் கொழந்த குட்டிங்களுக்கு ஆவாது. அய்யா வரட்டும்."

அய்யாவுக்கு பஸ் டிரைவர் மூலம் சீட்டுக் கொடுத்தனுப்பினேன். போயிருக்குமா? அந்தக் கூட்டத்தில் யாரைத் தேடிக் கொடுப்பார்?

அண்ணியிடம் சொன்னேன். உள்ளே போய்ச் சாமி படம் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

23 மார்ச், புதன்

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விடிந்தும் இவர் வரல. கொழந்தைக்குக் கண்ணு சொருகுது. ஆஸ்பத்திரியில யாரோ வழிக்கறதுக்கு, பாவம் என் கையோட போவட்டும்னு இவருடைய சவரக் கத்திய எடுத்தேன். கிணத்தடிக் கல்லுல உக்காந்து மடியில போட்டுக்கினேன். தண்ணி தெளிச்சேன். கத்தி வெக்கத் தெரியல. எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல எனக்கு. சாமி வந்து கேக்கட்டும், என்னையே கேக்கட்டும், அவள ஒண்ணும் கேக்கக் கூடாது — இதையே சொல்லிக்கினு இருந்தேன்.

பின்னால் அண்ணி வந்து நின்றார். கத்தியைக் கொடு என்றார். கொடுக்கவில்லை. பிடுங்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன்.

"குடுமே. இந்த நடுக்கத்துல வழிச்சா காது வந்துடும். எங்க அப்பன் வீட்டுல ஆட்டுக்கு முடி எடுத்த கை இது."

வேண்டுதல் என்றேன். என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது, பார்.

"வேண்டிக்கினவன் அங்க தோரணம் கட்டிக்கினு கீறான். புடி தலைய."

பிடித்தேன். அண்ணி மஞ்சள் துணியை விரித்து, அதன்மேல் விழும்படி வழித்தார். சுந்தரி அழக்கூட இல்லை, முனகினாள். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் போகும்போது, உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏற்கெனவே ஒட்ட வெட்டிய ஒரு வட்டம். நான் வெட்டாத வட்டம்; அழுகிறாளே என்று அந்தப் பக்கத்தை நான் பிரித்துப் பார்க்காமல் மேலோடு வாரிப் பின்னிக்கொண்டிருந்தேன். அதற்குள்ளும் ஒரு கட்டி, மேலே காய்ந்த பச்சிலை.

அண்ணியைப் பார்த்தேன். அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான். ரெண்டு வாரம் ஆவுது. பச்சிலை அரைச்சி வெக்கறதுக்கு வெட்டினேன். நீ பாத்துட்டு உன் புருஷன்கிட்ட சொல்லிடுவேன்னு மேல பூவ வெச்சி மூடினேன்."

நானும் வெட்டியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். பால் கருகினா முடி நாத்தம் அடிக்குமா?"

இரண்டு பேரும் வெட்டியிருக்கிறோம். இரண்டு பேரும் மூடியிருக்கிறோம். நான் பின்னியதன்மேல் அவர் பூ வைத்து, அவர் பூவின்மேல் நான் ரிப்பன் கட்டி — ஒருத்திக்கொருத்தி பயந்துகொண்டு, நடுவில் இந்தக் குழந்தையின் தலையைப் பதினைந்து நாளாக வேக வைத்திருக்கிறோம். ஒரு வார்த்தை, ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். கீறினார்கள். அண்ணி காலைப் பிடித்துக்கொண்டார், நான் தலையை. எவ்வளவு வந்தது என்று எழுத மாட்டேன்.

24 மார்ச், வியாழன்

ஜுரம் இறங்கவில்லை.

25 மார்ச், வெள்ளி

விடியற்காலை நெற்றி வியர்த்திருந்தது. கஞ்சி கேட்டாள். கொடுத்தேன். இன்னும் கேட்டாள்.

ஒன்பதாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமென்று நோட்டை எடுத்தேன். கிழிக்கவில்லை. நீ படி. அழகு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன் பார், அதைப் படி.

26 மார்ச், சனி

இவர் வந்தார். நான் அனுப்பிய சீட்டு நேற்று சாயந்தரம்தான் கைக்குக் கிடைத்ததாம். கையில் விழா நோட்டீஸ் மிச்சம் ஒரு கட்டு.

குழந்தை தூளியில் இருந்தாள். கட்டுப்போட்ட மொட்டைத் தலையைப் பார்த்தார். நான் மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு முழுவதும் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டது.

"இன்னும் ஆறு நாள்தானே இருந்திச்சி" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கோபமாகச் சொல்லவில்லை. ஊரைக் கூட்டி வைத்துச் சொன்ன வாக்கு, வாங்கிக் கொடுத்த தேதி, எல்லாம் ஆறே நாள் இருக்கும்போது — அந்தக் குரலில்.

அடுக்களையிலிருந்து அண்ணி வந்தார். "டேய், நான்தான் வழிச்சேன். உன் வேண்டுதல உன் தலமேல வெச்சிக்கினு போ. புள்ள தலையில ஏத்தாத."

அக்கா தன்னை டேய் என்று கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும். இவர் அச்சாபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வரவில்லை.

28 மார்ச், திங்கள்

சந்திரம்மா வீட்டில் உகாதி. வேப்பம்பூப் பச்சடி ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். சுந்தரி விரலால் தொட்டு வாயில் வைத்தாள், முகம் அஷ்டகோணலாயிற்று, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, இன்னொரு விரல் கேட்டாள். கிண்ணம் காலியாகும் வரை ஒவ்வொரு விரலுக்கும் அதே கோணல், அதே சிலிர்ப்பு. அண்ணி சிரித்தார். அண்ணிக்குப் பின்பக்கம் ஒரு பல் இல்லை என்பது எனக்கு இந்த நாலு வருஷத்தில் இன்றுதான் தெரிந்தது.

கட்டு மாற்ற இவரும் கூட வந்தார். வா என்று நான் கூப்பிடவில்லை, பின்னால் நடந்து வந்தார். துணியை எடுத்ததும் முதல் தடவையாக உள்ளே பார்த்தார். விரல் நுழைகிற பள்ளம். குழந்தை கத்தினாள். இவர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் மணிக்கணக்காக நிற்கிற மனிதர்.

டாக்டர் சொன்னார், எலும்புக்கு இறங்கவில்லை, பிழைத்தாய். ஆனால் அந்த இடத்தில் இனி முடி முளைக்காது. ஒரு ரூபாய் அகலம் இருக்கும்.

நான் கத்திரியால் எடுத்த அளவேதான்.

31 மார்ச், வியாழன்

சாயந்தர பஸ்ஸில் இவர் திருத்தணிக்குப் புறப்பட்டார். குழந்தையையும் என்னையும் கூப்பிடவில்லை. அண்ணி அந்த மஞ்சள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

1 ஏப்ரல், வெள்ளி

திருத்தணி இன்று மெட்ராஸுக்குப் போய்விட்டது. சித்தூரில் கீரைக்காரி வழக்கம்போல வந்தாள், வழக்கம்போல வாடிய கீரை.

2 ஏப்ரல், சனி

மத்தியானம் இவர் வந்தார். தோளில் பை. தலையில் முடி இல்லை.

சந்தனம் பூசிய மொட்டை. காது இரண்டும் இவ்வளவு பெரியது என்று கல்யாணத்தின்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். சிரிப்பா அழுகையா என்று அங்கே போய்த்தான் பார்த்தேன். இரண்டும்.

பிறகு தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தானாகவே சொன்னார். பட்டாசும் மேளமுமாக ஊரே அமர்க்களமாம். இவரை மேடைக்குக் கூப்பிட்டார்களாம். போகவில்லையாம்.

"கொழந்தைக்கு முடி எறக்கியாச்சான்னு ஒருத்தர் கேட்டாரு. எனக்கு அந்தப் பள்ளம்தான் கண்ணுல நின்னுது. மேல ஏறிப் போய் ஒக்காந்துட்டேன்."

சுந்தரி தூளியிலிருந்து இறங்கி வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள். இவர் குனிந்து கொடுத்தார். இவர் தலையைத் தடவினாள், உடனே தன் தலையைத் தடவினாள். மறுபடி இவர் தலை. இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கிற மாதிரி. கட்டு இருக்கிற இடம் வந்ததும் கையை நிறுத்தி, இவர் தலையிலும் அதே இடத்தைத் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. "அப்பாவுக்கு வலிக்கல" என்று எங்களுக்கு அறிவித்தாள்.

இவர் நிமிரவே இல்லை. அண்ணி போய்ச் சோற்றை வடிக்கிறேன் என்றார். சோறு காலையிலேயே வடித்தாயிற்று.

3 ஏப்ரல், ஞாயிறு

பட்டப்பகலில் எழுதுகிறேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறேன் என்று படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகையால் அவரைப் பற்றி முன்பக்கங்களில் உள்ளதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கட்டு சின்னதாகிவிட்டது. தலை பூராவும் கறுப்புப் புள்ளி விட ஆரம்பித்திருக்கிறது, உள்ளங்கையை வைத்தால் சொரசொரவென்று குறுகுறுக்கிறது. காலையில் அவள் தூங்கும்போது எவ்வளவு நேரம் கையை வைத்திருந்தேன் என்று தெரியாது. அந்த ஓரிடம் மட்டும் வழுவழு என்று இருக்கப் போகிறது. பெரியவளானால் முடி மூடிவிடும் என்று இவர் சொல்கிறார். அவள் மூட வேண்டாம் என்றால் வேண்டாம். நான் இனிமேல் அங்கே ஒன்றும் வைத்து மூட மாட்டேன்.

இப்போது அண்ணி உன்னிடம் ஒரு விஷயம் கேட்கச் சொல்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அந்த முடி மஞ்சள் துணியில், ஒரு காசும் சேர்த்து முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மலைமேல் இறக்காமல் கிணற்றடியில் இறக்கியது. மருந்தும் பட்டிருக்கிறது, ரத்தமும் பட்டிருக்கிறது. இதைக் கொண்டுபோய்த் திருத்தணியில் செலுத்தினால் ஏற்றுக்கொள்வாரா, அல்லது குழந்தைக்கு மறுபடி ஒருமுறை கத்தி வைக்க வேண்டுமா? இங்கே யாரைக் கேட்டாலும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். உன் அப்பா எத்தனையோ வருஷமாகப் பெருமாள் கைங்கரியத்தில் இருக்கிறவர், அவருக்குத் தெரியாத முறை இருக்காது. சைவக் கோயில் விஷயத்தை அவரிடம் கேட்கலாமா என்று நான் சந்தேகப்பட்டேன். அதற்கு அண்ணி, "முருகனுக்குப் பெருமாள் தாய்மாமன்தானே. மாமன் சொன்னா மருமவன் கேக்க மாட்டாரா" என்கிறார்.

மறுபடி கத்தி வைக்க வேண்டுமென்றால் புண் நன்றாக ஆற வேண்டும். மூன்றாம் வயது வைகாசியோடு முடிகிறது. வேண்டாமென்றால் அதையும் இப்போதே தெரிந்துகொண்டால் எங்கள் மூவருக்கும் தூக்கம் வரும்.

நோட்டை நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன். அப்பாவைக் கேட்டுச் சீக்கிரம் பதில் எழுது.

தாட்சாயணி